விண்வெளிச் சட்டகத்தின் சிறு மாதிரி சொன்னபடி அதிரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்ணில் மிதக்கப்போகும் நீண்ட சட்டகத்தைத் தரையில் அப்படியே நிறுத்திச் சோதிக்க முடியாது. தன் எடையாலேயே தொய்ந்துவிடும். தொய்வைத் தடுக்க முட்டுக் கொடுத்தால், முட்டும் சேர்ந்து அதிரும். அதனால்தான் அதே சட்டகத்தைச் சிறிதாகச் செய்து, கயிற்றில் தொங்கவிட்டு, தட்டிப் பார்க்கிறோம். வரும் எண்கள் கணக்கோடு ஒத்துப்போகாதபோது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கூடம் வேலூரில், காட்பாடி ரயில் பாதையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரே மாதிரியைப் பற்றியவை. 3 மீட்டர் நீளமுள்ள சதுர ட்ரஸ் (குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்த சட்டகம்), அலுமினியக் குழாய்கள், 25 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டமாக 12 கட்டங்கள், இரு முனையிலும் எடைக்கட்டி, நடுவில் சூரியத் தகடுகளாக மெல்லிய அலுமினியத் தகடுகள். மொத்தம் 8 கிலோ. உண்மைச் சட்டகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் வளைவு மோடு 12 ஹெர்ட்ஸில் வர வேண்டும் என்று கணினி சொன்னது. மோடு என்பது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சட்டகம் எடுக்கும் அதிர்வு வடிவம். ஒவ்வொரு சட்டகத்துக்கும் இப்படிப் பல உண்டு.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண் பொருந்தவில்லை என்றதும் கணினியில் உள்ள விறைப்பை ஏற்றி இறக்கிப் பொருந்தவைக்காதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை சட்டகத்துக்கு வெளியில்தான் இருந்தன: தொங்கவிட்ட கயிற்றில், சுற்றியிருந்த காற்றில், அசைவை அளக்க ஒட்டிய சென்சாரில், தட்டிய கையில். அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து முடிக்கும்வரை கணினிக் கோப்பைத் தொட வேண்டாம்.

கணக்கில் இல்லாத முகடு ஒன்று வரைபடத்தில் நிற்கிறது

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அசைவு என்று காட்டும் வரைபடத்தில், ஒவ்வொரு மோடும் ஒரு முகடாக எழும். கணக்கில் இல்லாத முகடு வந்தால் முதலில் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள்.

50, 100, 150 என்று வந்தால் அது கரண்ட். கேபிளின் மண்ணிணைப்பைச் சரிசெய்யுங்கள், மின் ஒயரையும் சென்சார் ஒயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். 5 அல்லது 16 ஹெர்ட்ஸ் அருகில் வந்தால் அண்ணாந்து பாருங்கள். நிமிடத்துக்கு 320 சுற்றுச் சுற்றும் சீலிங் ஃபேன் நொடிக்கு 5.3 முறை சுற்றுகிறது. மூன்று இறக்கை என்பதால் 16 ஹெர்ட்ஸில் காற்றைத் தள்ளுகிறது. அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்துவது பெரும்பாடுதான். ஆனாலும் அளக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். ஆடி மாதத்தில் ஜன்னலையும் சாத்த வேண்டும். தகடுகள் பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொள்ளும்.

எப்போதாவது மட்டும் தோன்றி மறையும் முகடு என்றால் வெளியிலிருந்து வருகிறது. காட்பாடி சந்திப்பில் சென்னை–பெங்களூரு பாதையும் விழுப்புரம்–திருப்பதிப் பாதையும் கூடுகின்றன; சரக்கு வண்டி போகும்போது தரை நடுங்குவது காலுக்குத் தெரியாவிட்டாலும் சென்சாருக்குத் தெரிகிறது. மாதிரியைத் தட்டாமலே 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். அதில் அந்த முகடு இருந்தால் அது மாதிரியுடையது என்று நம்ப வேண்டாம். நாங்கள் முக்கியமான அளவுகளை இரவில் எடுக்கிறோம், இரண்டு வண்டிகளுக்கு நடுவில்.

இவை எதுவும் இல்லை, ஆனால் முகடு விடாப்பிடியாக நிற்கிறது என்றால் தொங்கும் கம்பியைச் சந்தேகப்படுங்கள். எங்களுக்கு இரண்டு நாளைத் தின்றது இதுதான். 9.5 ஹெர்ட்ஸில் ஒரு முகடு. எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் வந்தது. மாணவர்கள் அதற்கு மோடு வடிவம் வரைந்து பார்த்தார்கள். முழு மாதிரியும் லேசாக ஆடுவதுபோல் வந்ததே தவிர வளைவு எதுவும் தெரியவில்லை. கடைசியில் எங்களுக்கு லேத் வேலை செய்து தரும் ராணிப்பேட்டை அண்ணன், பொருள் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று, "சார், அந்தக் கம்பி பாடுது பாருங்க" என்றார். விரலை வைத்தேன். கம்பி துடித்தது.

கணக்குப் போட்டால் அது அப்படியே வருகிறது. 1 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, 3 மீட்டர் நீளம், நான்கு கம்பிகளில் ஒவ்வொன்றும் 2 கிலோ தாங்குகிறது. வீணைத் தந்திபோல் அதற்கென ஓர் அதிர்வெண் உண்டு, அது ஏறக்குறைய 9.5 ஹெர்ட்ஸ். நம் 12 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்து வீடு. கம்பியைப் பாதிப் பருமனுக்கு, 0.5 மில்லிமீட்டருக்கு மாற்றினால் அது 19-க்கு ஏறும். 0.8 மில்லிமீட்டர் நைலான் மீன்பிடி நரம்பு என்றால் 31 வரை போகும். ஆனால் நைலான் நாளுக்கு நாள் நீளும், அதனால் மட்டம் மாறும். எங்கள் தேர்வு மெல்லிய எஃகு.

சோதிக்கும் முறை எளிது. கம்பியின் நடுவில் விரலை லேசாக வைத்துக்கொண்டு மறுபடி தட்டச் சொல்லுங்கள். முகடு சுருங்கினால் அது கம்பியுடையது.

எல்லா அதிர்வெண்ணும் கணக்கைவிட அதிகம்

முதல் மோடுதான் மிக அதிகமாக ஏறியிருக்கிறது, மேலே போகப் போக வித்தியாசம் குறைகிறது என்றால், தொங்கல் விறைப்பாக இருக்கிறது என்று பொருள்.

விண்ணில் சட்டகத்தை யாரும் பிடித்திருக்கப் போவதில்லை. தரையிலும் யாரும் பிடிக்காததுபோல் இருக்க வேண்டுமானால், மொத்த மாதிரியும் ஒரு கட்டையாக ஏறி இறங்கி ஆடும் அதிர்வெண், முதல் வளைவு மோடின் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவே கூடாது.

இதற்கு மனப்பாடமாக வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: எடையைக் கட்டியதும் தொங்கலில் உள்ள ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் இழுபடுகிறது என்று அளங்கள். அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். வருவது ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்க அதிர்வெண். 25 சென்டிமீட்டர் இழுபட்டால் 1 ஹெர்ட்ஸ். 6 சென்டிமீட்டர்தான் இழுபட்டது என்றால் 2. அரை ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 1 மீட்டர் இழுபட வேண்டும். நம் கூரை உயரத்தில் அதற்கு இடம் தேடுவதே ஒரு வேலை. பக்கவாட்டில் ஆடுவதற்கும் அதே கணக்குத்தான், இழுவைக்குப் பதில் கயிற்றின் நீளத்தை வையுங்கள். 2.5 மீட்டர் கயிறு என்றால் 0.3 ஹெர்ட்ஸ். பக்கவாட்டு அசைவு எப்போதும் சுலபமாகக் கிடைக்கும், மேல் கீழ் அசைவுக்குத்தான் பாடுபட வேண்டும். அமெரிக்காவின் லாங்லி ஆய்வு மையத்தில் இதற்காகவே காற்றழுத்தத்தில் எடையைத் தாங்கும் தொங்கல் கருவிகளைச் செய்தார்கள். நமக்கு மாற்று வழி, மாதிரியை அதன் நீள அச்சில் 90 டிகிரி புரட்டி, பார்க்க வேண்டிய வளைவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவருவது.

எவ்வளவு கெடுக்கும் என்றும் கணக்கிடலாம். தொங்கல் நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால், அளந்த அதிர்வெண்ணின் வர்க்கம் என்பது உண்மை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு தொங்கல் அதிர்வெண்ணின் வர்க்கத்தைக் கூட்டியது. தொங்கல் 1 ஹெர்ட்ஸ் என்றால் 12 என்பது 12.04 ஆகும். யாருக்கும் நஷ்டமில்லை. தொங்கல் 5 ஹெர்ட்ஸ் என்றால் 12 என்பது 13 ஆகிவிடும். பள்ளியில் படித்த அதே 5, 12, 13 முக்கோணம்தான். அந்த 13-ஐ வைத்துக்கொண்டு கணினியில் குழாயின் விறைப்பை ஏற்றிவிட்டீர்கள் என்றால் அந்தத் தவறு முழு அளவுச் சட்டகம் வரை கூடவே போகும்.

டூவீலரில் சாமான் கட்டும் ரப்பர் கயிற்றைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும். ரப்பர் நிதானமாக இழுக்கும்போது காட்டும் விறைப்பைவிட அதிரும்போது அதிக விறைப்பைக் காட்டும். மேலே சொன்ன இழுவைக் கணக்கு அங்கே ஏமாற்றும். மாதிரியைத் தொங்கவிட்டு, மெல்லக் கீழே அழுத்தி விட்டுவிட்டு, 10 ஏற்ற இறக்கத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம் போதும்.

தொங்கும் இடமும் முக்கியம். வளையும்போது அசையாமல் நிற்கும் கணுவில் கட்டினால் தொங்கலின் தலையீடு மிகக் குறைவு. சீரான தண்டுக்கு முதல் மோடின் கணு முனையிலிருந்து நீளத்தில் 0.224 பங்கு, அதாவது 3 மீட்டரில் 67 சென்டிமீட்டர். நம் மாதிரியில் முனையில் எடை இருப்பதால் கணு இன்னும் வெளிப்புறம் நகரும். கணினி சொல்லும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள இணைப்பில் கட்டுங்கள்.

எல்லா அதிர்வெண்ணும் கணக்கைவிடக் குறைவு

எடை போடுங்கள். முதல் வேலை அதுதான். கணினியில் உள்ள எடையும் தராசில் உள்ள எடையும் ஒன்றாக இருக்காது. பெயிண்ட், பசை, போல்ட் தலை, வாஷர், ஒயர் எல்லாம் கூடும்.

அடுத்தது சென்சார். 10 கிராம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தகட்டின் ஓரத்தில் ஒட்டினால், அந்த மோடில் அசையும் பயனுறு எடை 250 கிராம்தான் என்றால், அதில் 4 சதவீதம் கூட்டிவிட்டீர்கள். அதிர்வெண் 2 சதவீதம் விழும். கண்டுபிடிக்க, சென்சாருக்குப் பக்கத்திலேயே அதே 10 கிராமுக்கு ஒரு பித்தளைத் துண்டை மெழுகில் ஒட்டி மறுபடி அளங்கள். எவ்வளவு விழுந்ததோ, ஏறக்குறைய அவ்வளவையே சென்சாரும் முன்பே விழச்செய்திருக்கிறது. அந்த அளவைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.

வளைவு மோடுகள் சரியாக இருந்து, தகடுகள் அசையும் மோடுகள் மட்டும் குறைந்திருந்தால் காற்றுதான் காரணம். அசையும் தகடு தன்னோடு கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். 30 சென்டிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகடு மீட்டருக்கு 810 கிராம். அதோடு சேர்ந்து அசையும் காற்று மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிராம். பத்தில் ஒரு பங்கு கூடுதல் எடை; அதிர்வெண் 5 சதவீதம் குறையும். விண்ணில் அந்தக் காற்று இல்லை.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். மாதிரியைச் சிறிதாக்கினால் ஈர்ப்பின் தொல்லை குறையும். ஒரே பொருளில், ஒரே வடிவில் ஐந்தில் ஒரு பங்காகச் செய்தால், நீளத்தோடு ஒப்பிட்ட தொய்வும் ஐந்தில் ஒரு பங்காகும். காற்றின் தொல்லை மட்டும் குறையாது. தகட்டின் அகலமும் தடிமனும் சேர்ந்தே குறைவதால் காற்றுக்கும் தகட்டுக்கும் உள்ள எடை விகிதம் எந்த அளவிலும் அதே. எனவே காற்றைக் கணக்கில் கழித்தே ஆக வேண்டும், அல்லது வெற்றிட அறை உள்ளவர்களிடம் போக வேண்டும்.

மெதுவாகத் தட்டினால் ஓர் எண், ஓங்கித் தட்டினால் வேறு எண்

இதற்கு இணைப்புகள்தான் காரணம். இந்த ஓர் அறிகுறிக்கு நீங்கள் ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும், ஏனென்றால் மாதிரிச் சோதனை முழுவதிலும் விண்ணுக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு மிக அதிகமாகத் தெரியும் இடம் இதுதான்.

ஒழுங்கான சட்டகம் என்றால், இரண்டு மடங்கு விசைக்கு இரண்டு மடங்கு அசைவு வரும், அதிர்வெண் மாறாது. இணைப்பில் ஆட்டம் இருந்தால் அப்படி நடக்காது. குறைந்த விசையில் குழாய்முனை அதன் குழிக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டு நிற்கும். விசை கூடும்போது வழுக்கும், அந்தப் பக்கச் சுவரில் போய் முட்டும். அதிர்வெண் இறங்கும், தணிப்பு (அதிர்வு அடங்கும் விரைவு) ஏறும், முகடு ஒரு பக்கமாகச் சாயும்.

அளவுகளை ஒப்பிட்டால் ஏன் இப்படி என்று புரியும். 12 ஹெர்ட்ஸில் முனை 0.1 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு) முடுக்கத்தோடு அதிர்கிறது என்றால் அதன் அசைவு 0.17 மில்லிமீட்டர்தான். குழியில் விட்ட இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்றாலே, முழுச் சட்டகத்தின் அசைவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இணைப்பில் வெற்றிடம் இருக்கிறது. இப்படிப் பல இணைப்புகள்.

மூன்று நான்கு விசை அளவுகளில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் அதிர்வெண்ணைக் குறித்து ஒரு கோடு போடுங்கள். கோடு படுக்கையாக இருந்தால் நல்லது. சாய்ந்தால், எந்த இணைப்பு என்று தேட வேண்டும். அ இடத்தில் தட்டி ஆ இடத்தில் கேட்பதும், ஆ இடத்தில் தட்டி அ இடத்தில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் இது உடைகிறதோ அங்கே தேடுங்கள். சில சமயம் காதே போதும். ஓர் இரவு, தட்டியபின் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, ஒரு மாணவி, "ஏழாவது கட்டத்துல கிடுகிடுன்னு வருது சார்" என்றாள். திறந்து பார்த்தால் வாஷர் ஒன்று இல்லை. அதைப் போட்டதும் கோடு படுத்துவிட்டது.

போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தில் முடுக்காதீர்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, ஒரே அளவில், ஒரே வரிசையில். யார் முடுக்கினார்கள், எந்த நாள் என்று நோட்டில் எழுதுங்கள். ஒருமுறை கழற்றி மாட்டிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். கழற்றி மாட்டியதாலேயே எத்தனை சதவீதம் மாறுகிறது என்பது தெரியாமல், கணினியோடு உள்ள 1 சதவீத வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை.

இனி ஈர்ப்பு. தரையில் மாதிரி தன் எடையால் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது. ஆட்டம் இருந்தாலும் மூடிக்கொள்ளும். சுற்றுப்பாதையில் அந்த அழுத்தம் இல்லை, இடைவெளி திறந்துகொள்ளும். தரையில் ஒழுங்காக நடந்துகொண்ட இணைப்பு மேலே ஆடத் தொடங்கும். இதைப் பார்ப்பதற்காகவே 1991 செப்டம்பரில் எஸ்டிஎஸ்-48 விண்ணோடப் பயணத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழுவின் மோட் (MODE) என்ற சோதனையை அனுப்பினார்கள். ஒரு சிறு ட்ரஸ் மாதிரியை விண்ணோடத்தின் அறைக்குள்ளேயே மிதக்கவிட்டு அதிரவைத்து, தரையில் தொங்கவிட்டு எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டார்கள். நம்மால் அங்கே போக முடியாது. ஆனால் மாதிரியை நான்கு பக்கமும் புரட்டித் தொங்கவிட்டு அளக்கலாம். ஈர்ப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இணைப்பை அழுத்தும். நான்கிலும் ஒரே எண் வந்தால், இணைப்புகளை ஈர்ப்பு தாங்கிப் பிடிக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

தணிப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது

தணிப்பு என்பது அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது. பிழை இருந்தால் பெரும்பாலும் அது பதிவு நேரத்தில் இருக்கும். தணிப்பு 0.2 சதவீதம், அதிர்வெண் 12 என்றால், தட்டிய அதிர்வு நூறில் ஒரு பங்காக அடங்க 30 நொடி ஆகும். பலர் 4 நொடி பதிவு செய்துவிட்டு, மென்பொருள் தானாகப் போடும் அடங்கும் சாளரத்தை, அதாவது பதிவு முடிவதற்குள் அலையைச் செயற்கையாகத் தேயவைக்கும் பெருக்கலை, ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சாளரம் தானே தணிப்பைக் கூட்டும். அளந்ததில் பாதிக்கு மேல் சாளரத்துடையதாகவே இருக்கலாம். முகட்டின் அகலமே 0.05 ஹெர்ட்ஸ்தான் என்பதால், அதை வரைபடத்தில் ஒழுங்காகப் பார்க்கவே 100 நொடிப் பதிவு வேண்டும். பொறுமையாக இருங்கள். சாளரம் இல்லாமல், அடங்கும் அலையின் உச்சிகளை நேரடியாக எண்ணிக் கணக்கிடுவது என் விருப்பம்.

அப்புறம் ஒயர்கள். தொங்கும் சென்சார் ஒயர் தேய்ந்து ஆற்றலைத் தின்னும். மெல்லிய ஒயராக, கணு அருகில் மேலே கொண்டுபோங்கள்.

தணிப்பை ஒரு துணை எண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1958-இல் ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 1 தன் நீள அச்சில் சுழலும்படி அமைக்கப்பட்டது. அதன் நான்கு நெளியும் ஆண்டெனாக்கள் ஆற்றலை வெப்பமாக இழந்ததால், சுழற்சி குறுக்கச்சுக்கு மாறிக் குட்டிக்கரணம் போடத் தொடங்கியது. மெல்லிய நான்கு கம்பிகளின் தணிப்பு ஒரு செயற்கைக்கோளையே திருப்பிவிட்டது.

காலையில் ஓர் எண், மதியம் வேறு எண்

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக் கூடம் என்றால் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி சாதாரணம். அலுமினியத்தின் விறைப்பு அதனால் அதிகம் மாறாது. அதிர்வெண் கால் சதவீதம் போல இறங்கும். ஆனால் 3 மீட்டர் சட்டகம் 0.7 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், அலுமினிய இணைப்பில் உள்ள எஃகு போல்ட்டின் இறுக்கமும் மாறும். மாற்றம் 1 சதவீதத்தைத் தாண்டினால் இணைப்பையும் ரப்பரையும் பாருங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ இணைப்புகளை மாணவர்கள் விரும்புகிறார்கள், விலை மலிவு. அது 60 டிகிரி அருகில் இளகும் பிளாஸ்டிக். அதற்கு வெகு கீழேயே, சுமையோடு நாள் முழுக்கத் தொங்கும்போது மெல்ல நீளும். இணைப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

வெப்பம் விண்ணிலும் விடாது. ஹப்பிள் தொலைநோக்கியை 1990-இல் ஏவியபின், அது நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் போகும்போதெல்லாம் அதன் சூரியத் தகடுகள் நடுங்கின. 1993 டிசம்பரில் அவற்றை மாற்றினார்கள்.

ஒரே முகடு இரண்டாகப் பிளந்து தெரிகிறது

பிழையாக இல்லாமலும் இருக்கலாம். சதுர ட்ரஸ் இரண்டு தளங்களில் வளையும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண். இரண்டு திசையிலும் தனித்தனியாகத் தட்டி, எந்த முகடு எந்தத் திசைக்கு எழுகிறது என்று பாருங்கள். ஷேக்கர் (தொடர்ந்து அதிரவைக்கும் கருவி) இருந்தால், இரண்டு ஷேக்கரை ஒன்றாக ஓட்டிப் பிரிப்பது இன்னும் தெளிவாக இருக்கும்.

பிழையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு சென்சார்களை மட்டும் வைத்துக்கொண்டு இடம் மாற்றி மாற்றி அளந்திருப்பீர்கள். ஒவ்வோர் இடத்திலும் சென்சார் எடை அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தும். எல்லாப் பதிவுகளையும் சேர்க்கும்போது முகடு பிளந்ததுபோல் தெரியும். சென்சாரை ஓரிடத்தில் வைத்துவிட்டு, சுத்தியலை இடம் மாற்றுங்கள்.

கோஹெரன்ஸ் விழுகிறது

கொடுத்த விசைக்கும் வந்த அசைவுக்கும் உள்ள உறவை 0 முதல் 1 வரை சொல்லும் எண் இது. முகட்டில் விழுந்தால் பதிவு நேரம் போதவில்லை. இரண்டு முகடுகளுக்கு நடுவில், அசைவே இல்லாத பள்ளத்தில் விழுந்தால் அது இயல்பு, விட்டுவிடுங்கள். எங்கும் பரவலாக விழுந்தால் சுத்தியல் இரண்டு முறை பட்டிருக்கிறது. விசைப் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரட்டைக் குத்து தெரியும். இலேசான சட்டகம் அடி பட்டதும் திரும்பி வந்து சுத்தியலை முட்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்து, பட்டதும் எடுத்துவிடப் பழக வேண்டும். நம் மோடுகள் 100 ஹெர்ட்ஸுக்குள் என்பதால் மிருதுவான ரப்பர் முனை போதும்.

1 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே தடுமாறினால் உங்கள் பீசோ சென்சார் அங்கே வேலை செய்வதில்லை. தொங்கல் ஆட்டத்தை அளக்க ஒரு கைப்பேசியை மாதிரியின் நடுவில் கட்டி, அதன் முடுக்கமானிச் செயலியைப் பயன்படுத்துங்கள். அளந்ததும் கழற்றிவிடுங்கள். 200 கிராம் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

மாதிரி கணினியோடு பொருந்திவிட்டது, ஆனால் முழு அளவுக்கு மாற்றினால் நம்பும்படி இல்லை

ஒரே பொருள், ஒரே வடிவம், எல்லாம் ஐந்தில் ஒன்று என்றால் மாற்றும் கணக்கு எளிது. அதிர்வெண்ணை 5-ஆல் வகுக்க வேண்டும்: 12 என்பது 2.4 ஹெர்ட்ஸ். எடையை 125-ஆல் பெருக்க வேண்டும்: 8 கிலோ 1,000 கிலோ ஆகும். நீளம் 15 மீட்டர். எடை சரியாக 1,000 அருகில் வரவில்லை என்றால், மாதிரி நிழல்போல் ஒத்ததல்ல என்று அப்போதே தெரிந்துவிடும்.

உண்மையில் நிழல்போல் செய்ய முடிவதில்லை. முழு அளவில் 1.5 மில்லிமீட்டர் சுவருள்ள குழாய், மாதிரியில் 0.3 மில்லிமீட்டர் சுவரோடு வேண்டும். எந்தக் கடையில் கேட்பது? கிடைக்கும் குழாயைப் போட்டுவிட்டு 5-ஆல் வகுத்தால் தவறான விடைதான் வரும். இந்தச் சங்கடத்துக்குத்தான் கலப்பு அளவு என்ற வழியைக் கண்டார்கள். 1980களின் பிற்பகுதியில் லாங்லியில் விண்வெளி நிலையத்துக்காகத் திட்டமிட்ட மாதிரி, உருவத்தில் பத்தில் ஒரு பங்கு, அதிர்வு நடத்தையில் ஐந்தில் ஒரு பங்கு. நீளத்துக்கு ஒரு விகிதம், விறைப்புக்கும் எடைக்கும் வேறு விகிதம் என்று தனித்தனியாக வைத்து, அதிர்வெண் மட்டும் கணக்காக மாறும்படி அமைப்பது. உங்கள் குழாய் எதுவாக இருந்தாலும், அதன் உண்மை விறைப்பை ஒரு துண்டு வெட்டி வளைத்துப் பார்த்து அளந்து, விகிதத்தை அதிலிருந்து கணக்கிடுங்கள். பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து வேண்டாம்.

இதே மையத்தில் சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மாதிரியும், விண்ணோடத்துக்கு எட்டில் ஒரு பங்கு மாதிரியும் செய்து அதிரவைத்தார்கள். ஆனாலும் சாட்டர்ன் 5-ஐ முழு அளவிலும் ஹன்ட்ஸ்வில்லில் நிறுத்திச் சோதித்தார்கள். அதற்குப் பிறகும் 1968 ஏப்ரல் 4-இல் அதே ராக்கெட்டில் அப்பல்லோ 6 போகும்போது எஞ்சினும் எரிபொருள் குழாயும் உடலும் சேர்ந்து நீளவாக்கில் அதிர்ந்தன. தனியாக எடுத்த சட்டகத்தின் மோடு ஒன்று, எஞ்சின் ஓடும்போது அதோடு கூட்டுச் சேரும் மோடு வேறொன்று. மாதிரி எதற்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்.

அளவு மாற்றத்தில் ஒருபோதும் கொண்டுபோகக் கூடாதது தணிப்பு. இணைப்பின் உராய்வும் இடைவெளியும் விகிதப்படி சுருங்குவதில்லை. முழு அளவில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மாதிரியில் 0.04 வேண்டும்; எங்கள் ராணிப்பேட்டை அண்ணன் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் நூறு இணைப்புக்கு அதைச் சீராகத் தர முடியாது. தணிப்பு வேண்டுமென்றால், முழு அளவில் ஒரே ஓர் இணைப்பைச் செய்து அதைத் தனியாக அதிரவையுங்கள். 15 மீட்டர் சட்டகத்தை நம்மால் தூக்க முடியாது. அதன் ஓர் இணைப்பை மேசை மேல் வைக்கலாம்.

எல்லாம் முடிந்து மாதிரியை இறக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்பிரிங்கின் இழுவையையும் மறுபடி அளங்கள், அறை வெப்பத்தைக் குறியுங்கள், முதல் நாள் தட்டிய அதே இடத்தில் அதே விசையில் ஒருமுறை தட்டுங்கள். அந்தப் பதிவு முதல் நாள் பதிவின் மேல் சரியாகப் படிந்தால் இறக்கலாம். படியாவிட்டால் ஏழாவது கட்டத்திலிருந்து தொடங்குங்கள், எங்கள் அனுபவத்தில் வாஷர் விழுவது அங்கேதான்.